பாவு அறுத்த மறுநாள்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்கள் வெளியூர் போவதென்றால் தறியைக் கேட்டுத்தான் நாள் குறிப்பார்கள். தறியில் நெடுக்காக ஏற்றும் ஒரு பாவுக்கு மூன்று சேலை என்பது அங்கே பொதுவான கணக்கு. மூன்றாவது சேலையை அறுத்தெடுத்த பிறகு, புதுப் பாவு வந்து பழைய இழைகளோடு பிணைக்கப்படும் வரை தறி சும்மா இருக்கும். காதுகுத்து, பெண் பார்ப்பது, கண் ஆஸ்பத்திரி, சொந்தக்காரர் வீட்டில் துக்கம் விசாரிப்பது எல்லாம் அந்த இடைவெளிக்குள் முடிந்தாக வேண்டும். நெய்கிற சேலைக்குத்தான் கூலி. தறியில் உட்காராத நாளுக்கு யாரும் எதுவும் தருவதில்லை.

2020 பிப்ரவரியில் அந்தத் தெருவில் ஒரு தம்பதிக்கு அப்படியோர் இடைவெளியும் கல்யாண நாளும் ஒன்றாகக் கூடி வந்தன. தானாகக் கூடவில்லை. கணவர் ஒரு வாரமாக ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகும் தறிக்குழியில் இறங்கி, விளக்கு வெளிச்சத்தில் நெய்து, முந்தின நாள் மத்தியானம் சேலையை அறுத்தார். எதற்கு இந்த அவசரம் என்று கேட்ட மனைவியிடம் வாய் திறக்கவில்லை. சேலையை நெசவாளர் சங்கத்தில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவர், "காலையில அஞ்சு மணிக்குக் கெளம்பணும். கடலுக்குப் போறோம்" என்று மட்டும் சொன்னார்.

இதற்கெல்லாம் பின்னால் மகள் இருந்தாள். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண். காஞ்சிபுரத்துத் தறி வீடுகளில் பிறந்த பிள்ளைகள் பலரும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிற காலம் இது. அவளுக்கு மாதச் சம்பளம் உண்டு, வாரத்தில் ஒரு நாள் லீவு உண்டு. அப்பா அம்மாவுக்கு இரண்டும் கிடையாது என்பது அவள் கண்ணில் பட்டது அந்த வேலைக்குப் போன பிறகுதான். பொங்கலுக்கு முன்பே ஆரம்பித்து, இரண்டாயிரம் ரூபாயை அப்பா கையில் திணித்து, மகாபலிபுரம் போய் வந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள்.

அந்தத் தெருவில் கல்யாண நாள் கொண்டாடுவது பெரியவர்களுக்குப் பழக்கமில்லை. அறுபதாம் கல்யாணம் உண்டு. வசதி இருந்தால் திருக்கடையூர், இல்லாவிட்டால் வீட்டிலேயே கலசம் வைத்து. இருபத்தைந்தாம் வருஷம், முப்பதாம் வருஷம் என்பதெல்லாம் வேலைக்குப் போகிற பிள்ளைகள் கொண்டுவந்த புதுப் பழக்கம். நல்ல பழக்கம். 1990இல் கல்யாணம் ஆனதிலிருந்து ஒரே தறியில் வேலை செய்த இரண்டு பேருக்கு ஒரு நாள் ஒதுக்க வேண்டும் என்று அவளைத் தவிர யார் யோசித்தார்கள்?

ஒரே தறியில் இரண்டு பேர் என்பது கோர்வைச் சேலையின் தேவை. கோர்வையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டுக்கும் தனித்தனி ஊடை, அதாவது குறுக்கே ஓடும் இழை. அதனால் மூன்று நாடா ஓட வேண்டும். வலது கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, இடது கரைக்கு ஒன்று. நெய்பவருக்கு இருப்பது இரண்டு கை. மூன்றாவது நாடாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். ஒரு காலத்தில் அந்த இடத்தில் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு பல வீடுகளில் அந்த இடத்துக்கு மனைவி வந்தார். கரையும் உடலும் சேருகிற கோட்டில் இழையோடு இழை பின்னிக்கொள்ள வேண்டும். ஒருவர் கொஞ்சம் கூடுதலாக இழுத்தாலும், மற்றவர் கொஞ்சம் தளர விட்டாலும் சேர்மானம் காட்டிக் கொடுத்துவிடும். தலையைத் திருப்பாமலே அடுத்தவர் கை எந்த வேகத்தில் ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த வித்தை கைவர இந்தத் தம்பதிக்குப் பல வருஷம் பிடித்தது. சண்டை போட்ட நாளில் நெய்த சேலையை மறுபடி பார்த்தால் தெரியும் என்று அந்த அம்மா சொல்வதுண்டு.

கூலிச் சீட்டில் இருப்பது கணவர் பெயர். தார் சுற்றுவது, அறுந்த இழையைத் தேடி முடிவது, மூன்றாவது நாடா தள்ளுவது எல்லாம் அந்த அம்மாவின் கை. காஞ்சிப் பட்டுக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைப் பாதுகாக்க இந்தியாவில் சட்டம் இருக்கிறது. அந்த மூன்றாவது கைக்கு இதுவரை ஒரு பெயரும் கிடைக்கவில்லை. சொல்லித்தான் ஆக வேண்டும்.

பயணத்துக்கு அவர் பட்டு உடுத்தவில்லை. கூறைப்புடவை பீரோவிலேயே இருந்தது. அசல் ஜரிகை என்பது வெள்ளியை மெல்லிய தகடாக்கிப் பட்டு நூலின்மேல் சுற்றித் தங்க முலாம் பூசியது. உப்புக்காற்று பட்டால் வெள்ளி கறுத்துப்போகும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நூல் சேலை கட்டிக்கொண்டு, சுக்கும் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு அவித்த இட்லியை மந்தாரை இலையில் மடித்து, ஒரு டப்பாவில் புளிசோறும் எடுத்துக்கொண்டார். வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லியின் சேர்மானம் அது. வெளியூர்ப் பயணத்துக்கு அதைவிடத் தோதான சாப்பாடு காஞ்சிபுரத்தில் கிடையாது.

காஞ்சிபுரத்திலிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய 65 கிலோமீட்டர். செங்கல்பட்டு வரை ஒரு பஸ், அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக இன்னொன்று. வாலாஜாபாத் தாண்டிப் பழையசீவரத்தில் சாலை மலைக்கும் பாலாற்றுக்கும் நடுவே புகுந்து போகும். எதிர்க்கரை திருமுக்கூடல். காஞ்சிபுரத்தைத் தொட்டு வரும் வேகவதியும் செய்யாறும் பாலாற்றோடு கூடுகிற இடம். அன்று ஆற்றில் மணல்தான் அதிகம். ஆனாலும் அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, ஆறு கண்ணை விட்டு மறையும்வரை பார்த்துக்கொண்டே வந்தார். காஞ்சிபுரத்தில் அந்த மூன்று நதிகளின் பெயரும் பேச்சில் அடிபடும். மூன்றும் கைகோத்துக் கடலுக்குப் போகிற வழியில் தானும் போகிறோம் என்பது அவருக்குப் பிடித்திருந்தது.

மூன்று மாதத்துக்கு முன்பு, 2019 நவம்பர் 29 அன்று, செங்கல்பட்டு தனி மாவட்டமாகியிருந்தது. அதுவரை மாமல்லபுரம் காஞ்சிபுரம் மாவட்டத்துக் கடற்கரை. பிரித்த பிறகு காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடலே இல்லாமல் போயிற்று. பஸ்ஸில் கணவர் இதைச் சொன்னதும் அந்த அம்மா கேட்டார்: "கடல் நம்ம மாவட்டத்துல இருந்தவரைக்கும் கூட்டிட்டுப் போகல. பிரிச்சு வேற ஆளுக்குக் குடுத்தப்புறம் கூட்டிட்டுப் போறீங்களா?" முன் சீட்டில் இருந்த பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

திருக்கழுக்குன்றத்தில் இறங்கவில்லை. முன்னொரு காலத்தில் உச்சிப்பொழுதில் இரண்டு கழுகுகள் வந்து குருக்கள் கையால் சாப்பிட்டுப் போகும் மலை அது. வேதகிரீஸ்வரரைப் பஸ்ஸிலிருந்தே கும்பிட்டாயிற்று.

மாமல்லபுரத்தில் தொல்லியல் துறை டிக்கெட் அப்போது ஒருவருக்கு 40 ரூபாய். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் சேர்த்து அதுவே போதுமாக இருந்தது. நேராகக் கடற்கரைக் கோயிலுக்குப் போனார்கள். வெளியூர்க்காரர்கள் கிழக்கே அலைகளைப் பார்த்து நின்றுகொண்டிருக்க, அந்த அம்மா இரண்டு சிவன் சன்னதிகளுக்கும் நடுவே இருக்கிற இருட்டறைக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். பாம்பணை கிடையாது, பாறையில் செதுக்கிப் பாறையிலேயே கிடக்கிறார். ஊருக்குள் இருக்கிற தலசயனப் பெருமாள் கோயிலிலும் ஆதிசேஷன் இல்லாமல் தரையில் படுத்த கோலம்தான். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருக்கடல்மல்லை அது. முதலாழ்வார் மூவரில் பூதத்தாழ்வார் பிறந்த ஊரும் இதுவே.

ஏழு மாதத்துக்கு முன்பு இன்னொரு பள்ளிகொண்ட பெருமாளை அவர் பார்த்திருந்தார். வரதராஜர் கோயில் அனந்தசரஸ் குளத்தடியில் இருக்கும் அத்திவரதர், 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே வருவார். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாள். ஜூலை முழுக்கச் சயனத் திருக்கோலம், ஆகஸ்டில் நின்ற கோலம். காஞ்சிபுரத்தில் அந்த நாட்களில் பால் வாங்கப் போவதற்கே கூட்டத்தைப் பிளந்துகொண்டு போக வேண்டியிருந்தது. 1979இல் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்த குழந்தை, 2019இல் அண்டை வீட்டுப் பெண்களோடு விடிவதற்கு முன்பே வரிசையில் நின்று பார்த்தார். கடற்கரைக் கோயிலின் நடு அறையில் கைகூப்பி நின்றவர் கணவரிடம் திரும்பிச் சொன்னார்: "அவரப் பாக்க நாப்பது வருஷம். இவரப் பாக்க நாப்பது ரூபா."

கணவரின் கவனம் தூண்களில் இருந்தது. முன்கால்களைத் தூக்கி நிமிர்ந்து நிற்கும் சிங்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், "இது நம்ம கோயில் சிங்கமாச்சே" என்றார். சரியாகத்தான் சொன்னார். பிள்ளையார்பாளையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் கைலாசநாதர் கோயில். சின்ன வயதில் அவர் பட்டம் விட்டு விளையாடிய இடம் அதன் புல்வெளி. அதைக் கட்டியவனும் இந்தக் கடற்கரைக் கோயிலைக் கட்டியவனும் ஒருவனே. ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன், எட்டாம் நூற்றாண்டின் முதல் கால் பகுதியில் ஆண்ட பல்லவன். அங்கே மணற்கல், மழையிலும் வெயிலிலும் உதிர்ந்து, பல நூற்றாண்டுகளாகச் சுதை பூசிப் பூசிக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். இங்கே கடினமான கல்; உப்புக்காற்று அரித்து முகங்களை மழுக்கியிருக்கிறது. அங்கே மங்கிய சிங்கத்தில் மிஞ்சிய மீசையும், இங்கே மங்கிய சிங்கத்தில் மிஞ்சிய உடம்பும் பார்த்த கண்ணுக்கு இரண்டையும் சேர்த்து ஒரு முழுச் சிங்கத்தை உண்டாக்கிக்கொள்ள முடியும். அவரால் முடிந்தது. வருஷக்கணக்காகக் கரையில் சிங்கமும் யாளியும் அன்னமும் நெய்தவருடைய கண் அது.

கைலாசநாதர் கோயில் வாசலில் வரிசையாக நிற்கிற எட்டுச் சிறு கோயில்களில் ஒன்றை ரங்கபதாகை என்ற அரசி கட்டினாள் என்று அங்கே உள்ள வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. ராஜசிம்மனின் மனைவி அவள். புருஷன் கட்டுகிற கோயிலுக்கு முன்னால், தன் பெயரில் ஒரு சின்னக் கோயிலை எழுப்பி, அதில் தன்னைப் பற்றி ஒரு வாசகமும் பொறிக்கச் செய்திருக்கிறாள். பல்லவ வரலாற்றில் அரசர்களின் பட்டங்களே பக்கம் பக்கமாக நிறையும். கைலாசநாதர் கோயிலின் சுற்றுச் சன்னதிகளில் ராஜசிம்மனின் விருதுப்பெயர்கள் மட்டும் இருநூற்றுக்கு மேல். அத்தனை பெயர்களுக்கு நடுவே ரங்கபதாகையின் பெயர் ஒன்று நிற்கிறது. கூலிச் சீட்டில் பெயர் இல்லாத அந்த அம்மா கல்யாணம் ஆனதிலிருந்து அந்தச் சின்னக் கோயிலைத் தாண்டித்தான் பிரதோஷத்துக்குப் போய் வருகிறார்.

கடற்கரைக் கோயில் வளாகத்தில் வட்டமான கிணறு போன்ற ஒரு பள்ளத்துக்குள் கைக்கு அடக்கமான ஒரு கோயிலும் பூவராகர் சிலையும் இருக்கின்றன. மணலுக்கடியில் கிடந்த அவை 1990இல் வெளியே வந்தன. இந்தத் தம்பதி மாலை மாற்றிக்கொண்ட ஆண்டு. சுற்றுலா வழிகாட்டி ஒருவர் வேறொரு குழுவுக்கு இதைச் சொல்லக் கேட்டு, கணவர் மனைவியின் தோளைத் தொட்டுக் காட்டினார். தெருவில் அப்படித் தொட்டுப் பேசுகிறவர் இல்லை அவர்.

அப்புறம் கடல். அந்த அம்மா கால் நனைய நின்றார். பக்கத்தில் நின்றவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓர் அடி பின்னாலேயே இருந்தார். காலை பத்து மணி வெயிலில் கரையோரம் பச்சையாகவும் தள்ளிப் போகப் போக நீலமாகவும் தண்ணீர் மாறி மாறி மின்னியது. "பாவு ஆனந்தா ப்ளூ, ஊடை பச்சை" என்றார் அந்த அம்மா. கணவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஊடை கிளிப்பச்சை இல்ல, ராமர் பச்சை" என்று திருத்தினார். இரண்டு நிறம் கலந்து அசைவுக்கு அசைவு மாறும் சேலையை அவர்கள் எத்தனையோ நெய்திருக்கிறார்கள். அதில் எந்த இழை எந்த நிறம் என்று வாதாடுவது அவர்களுடைய அன்றாடப் பேச்சு. கடலுக்கு முன்னாலும் அது ஓயவில்லை.

அந்த வாதத்தின் நடுவில்தான் மணப்பெண் வந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் கடற்கரையில் போட்டோ எடுக்கிற வழக்கம் இப்போது பெருகிவிட்டது. அரக்கு நிறச் சேலை, அகலக் கரை, பக்கத்தில் கோட்டுப் போட்ட மாப்பிள்ளை, குடை பிடிக்க ஒரு பையன். போட்டோகிராபர் பெண்ணை அலைக்குள் இறங்கச் சொன்னார். அந்த அம்மா இருந்த இடத்திலிருந்தே கரையைப் பார்த்தார். தாழம்பூ ரேக்குப் போட்ட கரை. கோர்வையில் உடலும் கரையும் பல் பல்லாய்க் கோத்துக்கொண்டு நிற்கும் அந்தக் கோடு பத்தடி தூரத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. கையால் நெய்தது. இரண்டு பேர் நெய்தது. போய்ச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"எம்மா, கரை நனையாமப் பாத்துக்க. உப்புத்தண்ணி பட்டா ஜரிகை கறுத்துடும்."

அந்தப் பெண் திகைத்துப்போய், "கிராண்ட்மதர் வாங்கிக் குடுத்ததுங்க, காஞ்சிபுரத்துலதான் எடுத்தோம்" என்றாள். அதற்கப்புறம் கடலில் இறங்க மறுத்துவிட்டாள். போட்டோகிராபர் முகம் சுளித்தார். மாப்பிள்ளைக்குச் சந்தோஷம், அவருடைய ஷூவும் தப்பித்தது. மணலில் உட்கார வைத்து எடுத்தார்கள். அந்த அம்மா சேலையின் முந்தியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். உள்புறம் நூல் முடிச்சு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது அவருக்குப் பழக்கம். "நல்லா நெஞ்சிருக்காங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். யார் நெய்தது என்று சேலை சொல்லாது. பெண்ணும் கேட்கவில்லை.

கல்கிக்கு 'சிவகாமியின் சபதம்' எழுதும் எண்ணம் ரசிகமணி டி.கே.சி.யோடு இந்தக் கடற்கரையில் இருந்தபோது பிறந்தது. கல்யாணமான புதிதில் அந்த அம்மா அதை நூலகத்திலிருந்து எடுத்துப் படித்திருந்தார். கடைசியில் சிவகாமி ஏகாம்பரநாதரையே மணவாளனாக ஏற்றுக்கொள்வதைப் படித்துவிட்டு அழுததையும், அழுததற்கு மாமியார் காரணம் கேட்டுப் பதில் சொல்ல முடியாமல் விழித்ததையும் சவுக்கு நிழலில் புளிசோறு பிரிக்கும்போது சொன்னார். கணவருக்கு அது புதுச் செய்தி. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் சொல்ல நேரம் வாய்க்காத செய்திகள் அன்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தறி ஓடுகிற சத்தத்தில் பேசுவது கஷ்டம். பேசினாலும் நூல், கூலி, கடன் என்றே போய்விடும்.

சாப்பிட்ட பிறகு அர்ச்சுனன் தபசு. கணவர் அதில் பூனையைத் தேடினார். தவம் செய்கிற முனிவரைப் போல முன்கால்களைத் தூக்கி நிற்கும் பூனை, அதைச் சுற்றி எலிகள். கண்டுபிடித்ததும் சின்னப் பையனைப் போலக் கைதட்டினார். வெண்ணெய்ப் பந்துப் பாறைக்கு முன்னால் கூட்டம் அதிகம். அதற்கு நான்கு மாதத்துக்கு முன்புதான், 2019 அக்டோபர் 11 அன்று, இந்தியப் பிரதமரும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் இங்கே நடந்து போயிருந்தார்கள். அந்தச் சந்திப்பில் ஷி ஜின்பிங்கின் முகத்தை நெய்த பட்டுச் சால்வை ஒன்று அவருக்குப் பரிசாகப் போயிற்று. நெய்தவர்கள் கோவை மாவட்டம் சிறுமுகை நெசவாளர்கள். காஞ்சிபுரத்துத் தறிக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. கணவரும் அதைச் சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும், "முகத்த ஜக்கார்டுல கொண்டுவர்றது சாதாரண வேல இல்ல" என்று சேர்த்துக்கொண்டார். தொழில் தெரிந்தவரின் நியாயம்.

சீனாவுக்கும் காஞ்சிக்கும் நடுவே பட்டு போய் வந்த கதை மிகப் பழையது. சீனத்து ஹான் வரலாற்று நூல் 'ஹுவாங்சி' என்று ஒரு நாட்டைச் சொல்கிறது; தங்கத்தையும் பட்டுத்துணியையும் கப்பலில் ஏற்றிப் போய் முத்தும் மணியும் வாங்கி வந்ததாக எழுதியிருக்கிறது. அந்த ஹுவாங்சி காஞ்சிதான் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அது உண்மையென்றால், பட்டு இந்தக் கரையில் இறக்குமதிச் சரக்காக வந்திறங்கிய காலம் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தையது. ராஜசிம்மனும் 720இல் சீனப் பேரரசனுக்குத் தூது அனுப்பியிருக்கிறான்.

சிற்பக்கூடங்கள் இருக்கிற தெருவில் கணவர் நின்றுவிட்டார். மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியால் கல் தச்சு ஒரு படிப்பாகவும் ஆனது; கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலையை அமைத்த கணபதி ஸ்தபதி இந்த ஊரோடு இணைந்த பெயர். இங்கே செதுக்கும் கற்சிலைகளுக்கு 2017இல் புவிசார் குறியீடு வந்தது. துண்டால் மூக்கை மூடிக்கொண்டு உளி பிடித்திருந்த ஒருவரிடம் கணவர் கேட்டார்: "கை தவறிட்டா என்னாங்க பண்ணுவீங்க?"

"பெரிய சாமி சின்ன சாமி ஆயிடும்" என்றார் சிற்பி.

கணவர் தன் தொழிலைச் சொன்னார். தறியில் ஊடை தவறினால் பிரித்து மறுபடி போடலாம், நேரம்தான் போகும் என்றார். சிற்பி அவரை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். இரண்டு பேரும் முதுகுவலிக்கு என்ன தைலம், ஆர்டர் கொடுக்கிறவர்கள் எப்போது பணம் தருவார்கள், பிள்ளைகள் தொழிலுக்கு வருகிறார்களா என்று பேசினார்கள். இரண்டு வீட்டிலும் பிள்ளைகள் தொழிலுக்கு வரவில்லை.

ஐந்து ரதத்தை அவசரமாகப் பார்த்தார்கள். மேலிருந்து கீழே செதுக்கி வந்ததால் உச்சி முடிந்தும் அடிப்பகுதி முடியாமல் நிற்கும் கோயில்கள். யார் காலத்தவை என்று அறிஞர்களுக்குள் இன்னும் பேச்சு உண்டு. ராஜசிம்மனுக்கு முன் ஆண்ட மாமல்லன் என்பது பழைய கருத்து, எல்லாமே ராஜசிம்மன் என்று தொல்லியல் அறிஞர் ஆர். நாகசாமி 1960களில் வாதிட்டார். அந்தப் பக்கம் அதிகம் போகாமல் கணவர் கல்பாக்கம் பஸ்ஸைத் தேடினார். மகள் போட்டுக் கொடுத்த பட்டியலில் இல்லாத ஓர் இடம் அவர் மனசில் இருந்தது.

சதுரங்கப்பட்டினம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டி, கடல் பார்த்த செங்கல் கோட்டை. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் துணி வியாபாரத்துக்காகக் கட்டியது. உள்ளே டச்சு மொழியில் எழுத்து வெட்டிய கல்லறைகள், இடிந்த கிடங்குகள். சோழமண்டலக் கரையின் பருத்தித்துணி அந்நாளில் ஐரோப்பாவுக்கு மட்டும் போகவில்லை. ஜாவாவுக்கும் மலுக்கு தீவுகளுக்கும் போய் மிளகாகவும் கிராம்பாகவும் ஜாதிக்காயாகவும் மாறியது. சதுரங்கப்பட்டினத்து மெல்லிய மஸ்லினுக்குத் தனிப் பெயர் இருந்தது. சங்கத்தில் கூட வேலை செய்கிற ஒருவர் சொல்லிக் கணவர் இதைக் கேள்விப்பட்டிருந்தார்.

மத்தியானம் மூன்று மணிக்குக் கோட்டையில் அவர்களைத் தவிர வேறு யாரும் இல்லை. கிடங்கின் வளைந்த கூரைக்கடியில் அந்த அம்மா கையை நீட்டிச் சுவரைத் தொட்டார். கடலுக்குப் போகிற துணி மூட்டைகள் இங்கேதான் எண்ணி, தரம் பிரித்து, அடுக்கப்பட்டிருக்கும். டச்சுக் கம்பெனிக்காரர்கள் வியாபாரிகள் மூலம் நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுப்பார்கள். முன்பணம் வாங்கியவர் அந்தத் துணியை வேறு யாருக்கும் விற்க முடியாது. தரம் குறைந்ததென்று திருப்பினால் நஷ்டம் நெய்தவர் தலையில். கணவர் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா குறுக்கிட்டார். "இதுல புதுசா என்ன இருக்கு? எங்க அப்பா வாங்குன முன்பணம்தானே?" அவருடைய அப்பா ஒரு தனியார் முதலாளியிடம் நெய்தவர். மகள் கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணத்தைக் கூலியில் கழித்துக் கழித்துத் தீர்ப்பதற்குள் அவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. 1990இல் நடந்த அந்தக் கல்யாணத்தின் கணக்கு அது. கணவருக்குத் தெரியும். ஆனால் அதைப் பற்றி இருவரும் நேருக்கு நேர் பேசியது அந்தக் கிடங்கில்தான். மாமனார் பட்ட கடனில் தன் வீட்டார் கேட்ட சீரும் இருந்தது என்று அவர் சொன்னார். அந்த அம்மா, "தெரியும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, நம் பெண்ணுக்கு அப்படி எதுவும் கொடுக்கவும் கூடாது, கேட்கிற இடத்தில் கட்டவும் கூடாது என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தார்கள்.

அந்தக் கல்யாண நாளில் நடந்தவற்றில் இதுவே பெரிய காரியம் என்று தோன்றுகிறது. கோயிலும் கடலும் எங்கும் போய்விடாது. இந்தப் பேச்சு அன்று நடக்காவிட்டால் நடக்காமலே போயிருக்கலாம்.

கோட்டைக்குத் தெற்கே பாலாறு கடலில் விழுகிறது. முகத்துவாரத்தை ஒட்டிய வாயலூரில் ராஜசிம்மன் தன் முன்னோர் பெயர்களை வரிசையாக வெட்டி வைத்த தூண் இருக்கிறது. இருட்டிவிடும் என்பதால் அங்கே போகவில்லை. கல்பாக்கத்தில் வறுத்த வஞ்சிரமும் சோறும் சாப்பிட்டார்கள்; விலையைக் கேட்டு அந்த அம்மா ஒரு துண்டு போதும் என்றார், கணவர் இரண்டு வாங்கினார்.

மறுநாள் காலை சங்கத்திலிருந்து புதுப் பாவு வந்தது. பிணைக்கிறவர் வந்து உட்கார்ந்து, ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய இழையோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க ஆரம்பித்தார். முதல் சேலை அறுபட்டு இரண்டாவது பாதியில் நிற்கும்போது மார்ச் 25 கொரோனா ஊரடங்கு வந்தது. முகூர்த்தங்கள் நின்றன, கடைகள் மூடின, நூல் வரவில்லை. காஞ்சிபுரத்துத் தறிகள் மாதக்கணக்கில் ஓயாமலும் ஓடாமலும் தவித்த காலம் அது. அந்த வீட்டை ஒரகடத்துச் சம்பளம் தாங்கியது.

2021இல் நினைவுச் சின்னங்கள் திறந்திருந்த ஒரு நாளில் தெருவிலிருந்து மூன்று குடும்பம் சேர்ந்து வேன் பிடித்தார்கள். மூன்றும் தறிக் குடும்பம். கடற்கரைக் கோயிலோடு திரும்பிவிடலாம் என்றவர்களை அந்த அம்மா விடவில்லை. சதுரங்கப்பட்டினத்துக் கிடங்கில் முன்பணக் கதையை இந்த முறை அவரே சொன்னார், கணவர் விட்ட இடங்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டு. கூட வந்த பெண்களில் ஒருத்தி, தன் வீட்டுக் கூலிச் சீட்டில் தன் பெயரையும் சேர்க்கச் சொல்லிச் சங்கத்தில் கேட்டால் என்ன என்று கேட்டாள். வேன் வாலாஜாபாத் வந்து சேரும்வரை அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள்.